தூத்துக்குடித் துறைமுகமும் நெல்லைச் சீமையின் சரக்கு வழியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கங்கைகொண்டான் சிப்காட்டில் தொழில் நடத்துபவர்கள், நிலாவாரை, பாய், முந்திரி, உப்பு, ஜவுளி அனுப்புபவர்கள், லாரி வைத்திருப்பவர்கள், செய்தித்தாளில் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் பற்றிப் படித்துவிட்டுக் கேட்பவர்கள் ஆகியோருக்காக எழுதியது.

ஆழ்கடல் துறைமுகம் என்று எதைச் சொல்கிறார்கள்? எத்தனை மீட்டர் இருந்தால் ஆழ்கடல்?

இதற்குச் சட்ட வரையறை எதுவும் கிடையாது. எந்தக் கப்பல் உள்ளே வர முடியும் என்பதை வைத்துத்தான் சொல்கிறார்கள். சரக்கு ஏற்றிய கப்பலின் அடிப்பாகம் தண்ணீருக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அதற்கு மிதவை ஆழம் என்று பெயர். துறைமுகத்தில் 'டிராஃப்ட்' என்பார்கள். அடிப்பாகத்துக்கும் கடல் தரைக்கும் நடுவே இடைவெளி வேண்டும். மிதவை ஆழத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு. அலை அதிகமாக இருந்தால் அதற்கும் மேலே விட வேண்டும். ஆகவே 14 மீட்டர் டிராஃப்ட் உள்ள கப்பலுக்குக் கால்வாயில் 15 மீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்க வேண்டும்.

பழைய பனாமாக் கால்வாய்க்குள் நுழையும் அளவுக் கப்பல் ஏறத்தாழ 4,500 பெட்டி ஏற்றும். அதற்கு 12 மீட்டர் போதும். இன்றைய மிகப் பெரிய கப்பல்கள் 24,000 பெட்டிக்கு மேல் ஏற்றுபவை. நீளம் 400 மீட்டர், அகலம் 61 மீட்டர், முழுச் சுமையில் டிராஃப்ட் 16 மீட்டருக்கு மேல். பெட்டி என்று இங்கே சொல்வது 20 அடிக் கண்டெய்னரை. 40 அடிக் கண்டெய்னர் இந்தக் கணக்கில் இரண்டு பெட்டி.

தூத்துக்குடியில் இப்போது எவ்வளவு ஆழம்? இன்னும் தோண்டிவிட வேண்டியதுதானே?

இப்போது 14.20 மீட்டர் டிராஃப்ட் வரை உள்ள கப்பல் உள்ளே வந்து நிற்கலாம். 2024 செப்டம்பரில் திறந்த மூன்றாவது கண்டெய்னர் முனையம், கப்பல் நிற்கும் தளங்களில் 9-ஆவதில் இருக்கிறது. அதன் நீளம் 370 மீட்டர், ஆண்டுக் கொள்ளளவு 6 லட்சம் பெட்டி.

தோண்டுவதில்தான் சிக்கல். மன்னார் வளைகுடாவின் அடித்தரை இங்கே வெறும் சேறு அல்ல, சுண்ணாம்பு கலந்த மணற்பாறை. சேறு என்றால் உறிஞ்சும் கப்பல் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். பாறைக்கு வெட்டுத்தலை பொருத்திய தூர்வாரும் கப்பல் வேண்டும், அது ஒரு நாளில் செய்யும் வேலை குறைவு, பல் தேய்மானம் அதிகம். இதில் ஒரு நன்மையும் உண்டு: பாறையை ஒருமுறை வெட்டினால் சீக்கிரம் தூர்ந்து போகாது. கொச்சியின் வல்லார்பாடம் கண்டெய்னர் முனையத்தில் காயல் மண் வந்து நிரம்பிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் தூர்வாரப் பெரும் பணம் போகிறது. தூத்துக்குடியின் செலவு முன்பணமாகப் போகும், கொச்சியின் செலவு மாத வாடகை மாதிரி.

ஆழத்தோடு வாயில் அகலத்தையும் பார்க்க வேண்டும். இது முழுக்கச் செயற்கைத் துறைமுகம்: வடக்கு அலைத்தடுப்புச் சுவர் 4,098 மீட்டர், தெற்குச் சுவர் 3,873 மீட்டர், இரண்டுக்கும் இடையே 1,275 மீட்டர். முதலில் கட்டியபோது நுழைவாயில் 152.4 மீட்டர்தான், அதாவது 500 அடி. பிறகு 230 மீட்டராக அகலப்படுத்தினார்கள். நீளமான கப்பல் பக்கக் காற்றில் சற்றுச் சாய்வாகவே நகரும். அப்படி வரும்போது அதன் அகலத்தைவிடக் கூடுதலாக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆனி, ஆடியில் நம்ம பக்கம் வீசும் காற்றை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தை நெருங்கினால் கரையிலுள்ள பெரிய கிரேன்களைப் பொதுவாக நிறுத்திப் பூட்டிவிடுவார்கள். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்னும்போது தொங்கும் கண்டெய்னர் எம்மாத்திரம்.

நம் சரக்கு ஏன் கொழும்பில் இறங்கி ஏற வேண்டும்?

ஐரோப்பாவுக்கும் கிழக்காசியாவுக்கும் இடையே ஓடும் பெரிய கப்பல்கள் இலங்கையின் தென்முனையை ஒட்டிப் போகின்றன. அந்தத் தாய்க்கப்பல் வழி விலகி உள்ளே வந்து போக வேண்டுமென்றால், எரிபொருளையும் நாள் வாடகையையும் ஈடுகட்டும் அளவுக்கு ஒரே தடவையில் ஆயிரக்கணக்கான பெட்டி காத்திருக்க வேண்டும். கொழும்புக்கு அது பிரச்சினை இல்லை; பாதை மேலேயே உட்கார்ந்திருக்கிறது, தெற்குத் துறைமுகத்தில் 18 மீட்டர் ஆழம், ஆண்டுக்கு 70 லட்சத்துக்கு மேல் பெட்டி. தூத்துக்குடி கையாள்வது 7 லட்சத்துக்கு மேல். ஆகவே நம் பெட்டி சிறிய ஃபீடர் கப்பலில் ஓர் இரவு ஓட்டத்தில் கொழும்பு போய், அங்கே தாய்க்கப்பலுக்கு மாறுகிறது.

இந்தியாவின் கப்பல் மாற்றுச் சரக்கில் நான்கில் மூன்று பங்கு வெளிநாட்டுத் துறைமுகங்களில்தான் நடக்கிறது என்பது அரசே சொல்லும் கணக்கு. அதில் பெரும்பகுதி கொழும்பு, சிங்கப்பூர், மலேசியாவின் கிளாங் மூன்றிலும்.

இதனால் என்ன நஷ்டம்? கூடுதலாக இரண்டு முறை கிரேன் தூக்கும் கூலி, காத்திருக்கும் நாள், அங்கே நெரிசல் வந்தால் நமக்கும் அடி. 2023 நவம்பரில் செங்கடலில் தாக்குதல் தொடங்கியதும் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தெற்கே நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. ஐரோப்பாப் பயணத்துக்குப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை கூடுதலாக ஆனது, அட்டவணை குலைந்தது, 2024-இல் கொழும்பில் பெட்டிகள் குவிந்தன. தூத்துக்குடியில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே இங்குள்ள ஏற்றுமதியாளருக்கு இணைப்புக் கப்பல் தவறியது. ஆழ்கடல் துறைமுகத்தின் முக்கியத்துவம் என்று பேசும்போது, வெளிநாட்டுத் துறைமுகத்தை நம்பியிருக்கும் இந்தச் சார்புதான் அதன் மையம். கொடி, பெருமை எல்லாம் அப்புறம்.

விழிஞ்ஞம் வந்துவிட்டது. இனி தூத்துக்குடி எதற்கு?

விழிஞ்ஞத்தில் இயற்கையாகவே 18 முதல் 20 மீட்டர் ஆழம். சர்வதேசக் கப்பல் பாதை ஏறத்தாழ 10 கடல் மைல் தொலைவில். 2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பல் வந்தது, 2025 மே 2-இல் நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். அடுத்த மாதமே 24,346 பெட்டி ஏற்றக்கூடிய கப்பல் அங்கே வந்து நின்றது. கப்பல் மாற்றுத் தொழிலில் தூத்துக்குடி இதோடு மோதுவது கடினம். ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் கப்பலுக்குக் கப்பல் மாற்றுவது ஒரு தொழில், ஊர்ச் சரக்கை உள்வாங்குவது வேறொரு தொழில். விழிஞ்ஞத்தின் முதுகில் குன்றும் நெருக்கமான குடியிருப்பும். ரயில் இணைப்பே 10.7 கிலோமீட்டர், பெரும்பகுதி சுரங்கப் பாதையாகத் திட்டமிட்டிருக்கிறார்கள். தூத்துக்குடிக்குப் பின்னால் தட்டையான நிலம், நான்குவழிச் சாலை, 1876-இலேயே வந்துவிட்ட ரயில், திருப்பூர் பின்னலாடை, கரூர் வீட்டுத் துணி, சிவகாசி, நெல்லை. பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடி ஏறத்தாழ 50 கிலோமீட்டர். விழிஞ்ஞம் அதைப்போல் மூன்று மடங்கு, அதுவும் நாகர்கோவில் பக்கத்து நெரிசலைத் தாண்டி.

இன்னொன்றும் நடக்கலாம்: தூத்துக்குடியில் ஏறிய பெட்டி கொழும்புக்குப் பதிலாக விழிஞ்ஞத்தில் தாய்க்கப்பலுக்கு மாறலாம். இத்தகைய பெட்டிகளை இந்தியத் துறைமுகங்களுக்கிடையே வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களும் ஏற்றிப் போக 2018-இல் அனுமதி வந்தது. கட்டணமும் கப்பல் வரும் நாளும் கொழும்பைவிட ஒத்துவந்தால் சரக்கு தானாகத் திரும்பும். வியாபாரிக்குத் தேசபக்தியைக் காட்டி ஒரு பெட்டியையும் திருப்ப முடியாது.

அந்த ஃபீடர் ஓட்டத்திலும் ஆபத்து உண்டு. 2025 மே மாதம் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சி போன எம்.எஸ்.சி. எல்சா 3 கவிழ்ந்து மூழ்கியது. 640 கண்டெய்னர்கள் அதில் இருந்தன. பிளாஸ்டிக் குருணை கன்னியாகுமரிக் கரை வரை ஒதுங்கியது. கடல்வழிக் காப்புறுதியை வீண் செலவு என்பவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

வெளித்துறைமுகத் திட்டம் என்பது என்ன?

இப்போதைய சுவர்களுக்கு வெளியே, ஆழம் கூடிய தண்ணீரில் புதிய கண்டெய்னர் முனையங்கள். மதிப்பீடு ஏறத்தாழ 7,056 கோடி ரூபாய், இலக்கு ஆண்டுக்கு 40 லட்சம் பெட்டி. 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டினார்கள். குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கும் அன்றுதான் அடிக்கல். இன்றைய 7 லட்சத்தையும் அந்த 40 லட்சத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் உள்ள 30 லட்சத்துக்கு மேற்பட்ட பெட்டி எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி. உள்நாட்டு ஆலைகளிலிருந்து வந்தால் துறைமுகம் நிற்கும். கொழும்பிலிருந்து பிடுங்க வேண்டிய சரக்கை மட்டும் நம்பினால், விழிஞ்ஞமும் அதே சரக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

சேதுக் கால்வாய், குளச்சல் துறைமுகம் எல்லாம் என்ன ஆயின?

சேதுத் திட்டம் 2005 ஜூலை 2-இல் மதுரையில் தொடங்கிவைக்கப்பட்டது. நீளம் 167 கிலோமீட்டர், ஆழம் 12 மீட்டர். தூத்துக்குடியிலிருந்து சென்னை போகும் கப்பல் இலங்கையைச் சுற்றாமல் 424 கடல் மைல் வரை மிச்சப்படுத்தலாம் என்றார்கள். ராமர் பாலம் என்றும் சொல்லப்படும் ஆதம் பாலம் பகுதியில் தோண்ட 2007-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, வேலை நின்றது. மத வாதத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் 12 மீட்டர் கால்வாய்க்குள் ஏறத்தாழ 30,000 டன் கப்பல்தான் போகும். இன்றைய தாய்க்கப்பல்களுக்கு அது உதவாது. கரையோர நிலக்கரி, சிமென்ட் ஓட்டத்துக்கு உதவியிருக்கும்.

குளச்சல் அருகே இனயத்தில் துறைமுகத்துக்கு 2016 ஜூலையில் கொள்கை ஒப்புதல் கிடைத்தது. மீனவக் கிராமங்கள் எதிர்த்தன, இடத்தைக் கோவளம் – மணக்குடிப் பக்கம் மாற்றப் பார்த்தார்கள், அங்கும் எதிர்ப்பு. கைவிடப்பட்டது.

வர்த்தக வழித்தடம் என்றால் ரோடு போடுவதுதானா?

ரோடு அதில் ஒரு பங்கு. சென்னை – கன்னியாகுமரித் தொழில் வழித்தடம் என்பது சாலை, மின்சாரம், தொழிற்பேட்டை, துறைமுகம் எல்லாவற்றையும் ஒரே கோட்டில் கோக்கும் திட்டம்; ஆசிய வளர்ச்சி வங்கி 2021-இல் இதன் சாலைகளுக்காக 48.4 கோடி டாலர் கடன் தந்தது. நம் பக்கம் அந்தக் கோட்டின் முடிச்சுகள்: வடக்கு – தெற்காக ஓடும் தேசிய நெடுஞ்சாலை 44, நெல்லை – தூத்துக்குடி 138, மதுரையிலிருந்து தூத்துக்குடி வரும் 38, மணியாச்சியில் பிரியும் ரயில் பாதை, மீளவிட்டான் சரக்கு முற்றம், வாகைக்குளம் விமான நிலையம்.

வழித்தடம் எவ்வளவு வலுவானது என்பதை அதன் மிக மெலிந்த இடம்தான் தீர்மானிக்கும். 138-இல் அந்த இடம் வல்லநாடு. தாமிரபரணிப் பாலத்தின் தளம் ஓட்டை விழுந்து ஒரு பாலத்தை மூடும்போதெல்லாம் மற்றதில் இருவழிப் போக்குவரத்து விடுகிறார்கள். காற்றாலை இறக்கை ஏற்றிய நீள டிரெய்லர் அதில் ஏறினால் பின்னால் நிற்கும் வரிசையை எண்ண வேண்டாம். கடலுக்குள் பல ஆயிரம் கோடி, ஆற்றுப் பாலத்தில் ஒட்டுப்போடுதல்.

2023 டிசம்பர் 17, 18 இன்னும் பெரிய பாடம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை புரண்டது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நடுவழியில் நின்றது, நெல்லை – தூத்துக்குடிச் சாலை துண்டானது. ஐப்பசி முதல் மார்கழி வரை அனுப்புபவர்கள் துறைமுகம் சரக்கு ஏற்கும் கடைசி நேரத்துக்கு இரண்டு நாள் முன்பே பெட்டியைத் தூத்துக்குடியில் சேர்த்துவிடுவது நல்லது.

நெல்லையிலிருந்து முதல்முறை ஒரு கண்டெய்னர் அனுப்ப என்ன செய்ய வேண்டும்?

முதலில் தாள் வேலை. ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணை வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் இணையதளத்தில் பான் எண்ணை வைத்து வாங்கலாம், கட்டணம் 500 ரூபாய். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள், மாற்றம் ஏதும் இல்லாவிட்டாலும் உள்ளே போய் உறுதி செய்ய வேண்டும். மறந்தால் எண் செயலிழக்கும். சரக்கு வாசலில் நிற்கும்போதுதான் அது தெரியவரும். ஜி.எஸ்.டி. கட்டாமல் அனுப்ப ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாக உறுதிப் பத்திரம் பதிய வேண்டும். வங்கியின் ஏ.டி. குறியீட்டை (அந்நியச் செலாவணி கையாள அனுமதி பெற்ற கிளையின் எண்) தூத்துக்குடித் துறைமுகத்துக்கென்று சுங்க இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். சென்னைக்குப் பதிந்தது இங்கே செல்லாது.

அடுத்து சுங்க வேலையைப் பார்த்துத் தரும் கிளியரிங் ஏஜென்டிடம் கேட்க வேண்டியவை: கப்பல் எங்கே மாறுகிறது, எத்தனை நாள் அங்கே நிற்கும், பெட்டி உள்ளே போகும் கடைசி நேரம் எப்போது, காலிப் பெட்டி எங்கே எடுப்பது, வாடகை இல்லாமல் அதை வைத்திருக்கும் இலவச நாள் எத்தனை. கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வருபவர்தான் பிறகு அலைவார்.

பெட்டியைத் தேர்வு செய்வது அடுத்தது. 20 அடிப் பெட்டியில் ஏறத்தாழ 33 கன மீட்டர் இடம், 40 அடி உயரப் பெட்டியில் 76. கனமான சரக்குக்கு 20 அடி. நிலாவாரை இலை, ஆயத்த ஆடை, கயிற்றுப் பொருள் போன்ற இலேசானவற்றுக்கு 40 அடி. இங்கே ஒரு நிரந்தர இடைஞ்சல் உண்டு. கனமான இறக்குமதி 20 அடியில் வருகிறது, ஆடை ஏற்றுமதிக்கு 40 அடி உயரப் பெட்டி வேண்டும். அதனால் ஏற்றுமதி மும்முரத்தில் 40 அடி காலிப் பெட்டிக்குத் தட்டுப்பாடு வரும். முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். பத்தமடைப் பாய் மாதிரி ஒரு பெட்டி நிறையாத சரக்கை மற்றவர் சரக்கோடு சேர்த்து ஏற்றும் வசதி தூத்துக்குடிச் சரக்கு நிலையங்களில் உண்டு.

காலிப் பெட்டி வந்ததும் ஓர் ஆள் உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொல்லிப் பார்க்க வேண்டும். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் அங்கே மழைத் தண்ணீர் இறங்கும். தரைப் பலகையில் எண்ணெய்க் கறை, ஆணி, பழைய சரக்கின் வாடை இருந்தால் திருப்பி அனுப்புங்கள். ஏற்றிய பிறகு வழக்காட முடியாது. சரக்குக்கு அடியில் மரத்தட்டு (பாலெட்) வைத்தால் மரத்தின் மையப்பகுதி 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் சூடாக்கிய முத்திரை அதில் இருக்க வேண்டும். ஏற்றும்போதும் கதவை மூடிச் சீல் வைக்கும்போதும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு மொத்த எடைச் சான்று: 2016 ஜூலை 1 முதல் இது இல்லாமல் எந்தக் கண்டெய்னரும் கப்பலில் ஏறாது. நிறைந்த பெட்டியை எடைமேடையில் ஏற்றி வண்டி எடையைக் கழிக்கலாம். அல்லது சரக்கு, கட்டு, தட்டு எல்லாவற்றையும் தனித்தனியே எடை போட்டுப் பெட்டியின் கதவில் எழுதிய காலி எடையோடு கூட்டலாம்.

சுங்கத்தில் கப்பல் பில் (ஏற்றுமதிச் சரக்கின் விவரப் பத்திரம்) பதிவு, தேவைப்பட்டால் சோதனை, ஏற்றுமதி அனுமதி, பெட்டி உள்ளே நுழைதல், கப்பல் கிளம்புதல், கடைசியாகக் கப்பல் நிறுவனம் ஏற்றுமதிச் சரக்குப் பட்டியல் தாக்கல் செய்தல். இந்தக் கடைசிப் படி உங்கள் கையில் இல்லை, ஆனால் உங்கள் பணம் அதில்தான் மாட்டியிருக்கும்.

ஜி.எஸ்.டி. கட்டி அனுப்பினேன், அந்த வரி திரும்ப வரவில்லை. எங்கே மாட்டியிருக்கும்?

பெரும்பாலும் மூன்று இடம். பிழைக் குறி எஸ்.பி.005 என்றால் கப்பல் பில்லில் உள்ள விலைப்பட்டியல் எண்ணும் ஜி.எஸ்.டி. கணக்கில் கொடுத்த எண்ணும் ஒத்துப்போகவில்லை. ஒரு சாய்கோடோ ஒரு சுழியமோ விடுபட்டாலே போதும். எஸ்.பி.003 என்றால் ஜி.எஸ்.டி. பதிவு எண் பொருந்தவில்லை. எஸ்.பி.002 என்றால் ஏற்றுமதிச் சரக்குப் பட்டியல் தாக்கலாகவில்லை. கப்பல் நிறுவனத்தை விரட்ட வேண்டும். இதைத் தவிர்க்க எளிய வழி, விலைப்பட்டியல் எண்ணை ஒரே இடத்தில் எழுதி எல்லாரும் அதிலிருந்தே படியெடுப்பது. கணக்காளர் ஒரு மாதிரி, ஏஜென்ட் ஒரு மாதிரி தட்டச்சு செய்தால் மாதக்கணக்கில் பணம் முடங்கும்.

சரக்கு போய்ச் சேர்ந்தபோது பூசணம் பிடித்திருந்ததாம். கப்பலின் தவறா?

அநேகமாக இல்லை. நெல்லை வெயிலில் சூடான பெட்டிக்குள் சரக்கிலும் மரத்தட்டிலும் உள்ள ஈரம் ஆவியாகும். கப்பல் குளிர் தேசத்துக்குப் போகும்போது கூரைத் தகடு குளிர்ந்து, ஆவி நீராகிச் சொட்டும். கோரைப் பாய், இலை, பருத்திக்கு இதுதான் எமன். நன்றாக உலர்த்தியபின் கட்டுவது, ஈரமான தட்டு வைக்காமலிருப்பது, ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுவது, கூரையோரம் அட்டை விரிப்பது. மழை நாளில் ஏற்றாதீர்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் இந்தக் கரைக்கு என்ன முக்கியத்துவம்?

இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது. 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் அங்கே வந்து நின்றது. இந்தப் பக்கம் நாங்குநேரி அருகே விஜயநாராயணத்தில் 1990 முதல் இருக்கும் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன், நீருக்கடியில் உள்ள நீர்மூழ்கிகளுக்கு மிகத் தாழ்ந்த அலைவரிசையில் செய்தி அனுப்பும் நிலையம். கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி ராக்கெட் எஞ்சின் சோதனை மையம், குலசேகரன்பட்டினம் எல்லாம் இதே வட்டாரம்.

துறைமுகம் பெருத்தால் கடலுக்கு என்ன ஆகும்?

மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவில் 21 தீவுகள் என்று கணக்கு. பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. பவளத்தை வெட்டியெடுத்த காலம் அதற்கு ஒரு காரணம். தூர்வாரும்போது எழும் கலங்கல் பவளத்தின் மீது படிந்தால் அது மூச்சுத் திணறிச் சாகும். ஆகவே எங்கே கொட்டுகிறார்கள், எந்த நீரோட்ட மாதத்தில் கொட்டுகிறார்கள் என்று கேட்பது நியாயம். நீண்ட சுவர் கட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் அரிக்கும். அரிக்கும் பக்கத்து ஊருக்குத் தூண்டில் வளைவு (கரையைக் காக்கும் கல் தடுப்பு) கேட்டு மனு போகும்.

கொற்கை பெரிய துறைமுகமாக இருந்தது என்கிறார்கள். ஏன் நிலைக்கவில்லை?

தாமிரபரணி கொண்டுவந்த வண்டல். கழிமுகம் தூர, கடல் விலகியது. பாண்டியரின் முத்துத் துறையாக இருந்த கொற்கை இன்று வயலுக்கு நடுவே இருக்கிறது. வணிகம் பழையகாயலுக்குப் போனது. மார்க்கோ போலோ கண்டது அந்தக் காயலை. பிறகு போர்த்துக்கீசியரோடு புன்னைக்காயல், அதன்பின் ஆற்றுவாயிலிருந்து ஒதுங்கியிருந்த தூத்துக்குடி. அங்கேயும் பழைய துறையில் ஆழம் கிடையாது: கப்பல் பல மைல் தள்ளி நங்கூரமிடும், சரக்கும் ஆட்களும் படகில் போவார்கள். 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கத்தின் கப்பல்கள் கொழும்புக்கு ஓடியது அப்படித்தான். ஆழ்கடல் துறைமுகம் 1974 ஜூலை 11-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது, 2011-இல் வ.உ.சி. பெயர் சூட்டினார்கள்.

பழைய துறைமுகத்தில் தோணி இன்னும் ஓடுகிறதா?

ஓடுகிறது. சில நூறு டன் ஏற்றும் தோணிகள் காய்கறி, செங்கல், ஜல்லி, மளிகை ஏற்றிக்கொண்டு மாலத்தீவு போகின்றன. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நிறுத்திவைப்பார்கள். கண்டெய்னர் நிறையாத, கட்டணம் தாங்காத சரக்குக்கு அங்கே இன்னும் இடம் உண்டு; 14 மீட்டர் ஆழம் தேவைப்படாத வியாபாரம் அது.